லீக்ஸ் விளையும் மண் யாருக்குச் சொந்தம்?

வெங்காயம் என்றால் அது நகைப்புக்குரிய பொருள் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. பொருளற்ற பேச்சையும் பயனற்ற சடங்கையும் ஒரே சொல்லில் ஒதுக்கித் தள்ளப் பெரியார் ஈ. வெ. ரா. கையாண்ட சொல்லும் வெங்காயமே. உரிக்க உரிக்கத் தோலன்றி உள்ளே ஒன்றுமில்லை என்பது உலகம் அதன்மேல் சுமத்திய குற்றச்சாட்டு.

ஆனால், உள்ளே ஒன்றுமில்லாத இந்தப் பொருள் ஆட்சிப் பீடங்களை ஆட்டி வைத்திருக்கின்றது. 1980 ஆம் ஆண்டின் இந்தியப் பொதுத் தேர்தலில் வெங்காய விலையேற்றத்தை மேடைதோறும் எடுத்துரைத்த திருமதி இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். 1998 இல் தில்லி ஆட்சியைப் பாரதீய ஜனதாக் கட்சி இழந்தமைக்குத் தலையாய காரணங்களுள் ஒன்று வெங்காய விலை. ஏழையின் சட்டியில் எது இல்லாமற் போனால் அவன் பொறுக்கமாட்டானோ, அதுவே அரசியலின் அச்சாணி. ஆகவே, இவ்வாரம் வெங்காயக் குடும்பத்தைப் பற்றி நாம் எழுதப் புகுவதை எவரும் நகைப்பாகக் கொள்ளற்க.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக்ஸ் ஆகிய நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தாவரவியலார் இவற்றை அல்லியம் என்னும் ஒரே பேரினத்துள் அடக்குவர். அவர்கள் அவ்வாறு வகுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே நம் மக்கள் இவ்வுறவை அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தார் பூண்டை உள்ளி என்பர். மலையாளத்தார்க்கு உள்ளி என்றால் வெங்காயம், பூண்டு வெளுத்துள்ளி. கன்னடத்தாரின் ஈருள்ளியும் தெலுங்கரின் வெல்லுள்ளியும் அதே வேரில் கிளைத்தவை. சிங்கள மக்களோ ரத்து லூணு, லொக்கு லூணு, சுது லூணு என்று சிவப்பு, பெருமை, வெண்மை ஆகிய அடைகளை மட்டும் மாற்றி மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கின்றனர். மொழிகள் பிரிந்து நின்றபோதும் அடுக்களைகள் ஒன்றாகவே சிந்தித்திருக்கின்றன.

இக்குடும்பத்தின் ஆற்றல் கந்தகத்தில் உள்ளது. முழுதாக இருக்கும் பூண்டுப் பல்லை முகர்ந்து பாருங்கள். பெரிய மணம் ஒன்றும் இராது. அதை நசுக்கிய கணமே மணம் வீட்டை நிறைக்கும். செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த இரு பொருள்கள், காயம்பட்டதும் கலந்து வினைபுரிவதே இதற்குக் காரணம். பூண்டில் இவ்வாறு பிறக்கும் அல்லிசின் என்னும் பொருளை 1944 இல் அமெரிக்க இரசாயனவியலார் பிரித்தெடுத்து, அதற்குக் கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் உண்டெனக் காட்டினர். வெங்காயம் நறுக்குவோரின் கண்ணீருக்குக் காரணமான நொதியத்தை 2002 இல் யப்பானிய ஆய்வாளர் இனங்கண்டனர். பூச்சிக்கும் புழுவுக்கும் எதிராகச் செடி தனக்கு அமைத்துக்கொண்ட காவலே நமக்குச் சுவையாகவும் மருந்தாகவும் ஆயிற்று.

பிள்ளை பெற்ற தாய்க்கு யாழ்ப்பாணத்தார் ஆக்கும் சரக்குக் கறியில் உள்ளி தவறாது. மலையகத்து லயங்களில் பனிக்கால இருமலுக்குப் பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட இரசமே முதல் வைத்தியம். மருத்துவர் தரும் மருந்துக்குப் பூண்டு மாற்றாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவர் எட்டாத தொலைவில் வாழ்ந்த மக்களுக்கு அது துணையாக நின்றது என்பதே உண்மை. கோதுமை ரொட்டியும் வெங்காயச் சம்பலும் கட்டிக்கொண்டு கொழுந்து மலைக்கு ஏறிய தலைமுறைகளின் உழைப்பால் இந்நாட்டின் அந்நியச் செலாவணி பெருகிற்று என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுதல் தகும்.

நான்கில் மூன்று கடல் கடந்து வருகின்றன

இனி, இந்நான்கும் நம் சட்டிக்கு எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். பூண்டில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருகின்றது. உலகில் விளையும் பூண்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அந்நாட்டினது. நம்மவர் பம்பாய் வெங்காயம் என்றழைக்கும் பெரிய வெங்காயம் தம்புள்ளை, கலேவெல, மாத்தளைப் பகுதிகளில் விளைகின்றதெனினும், ஆண்டின் பெரும்பகுதிக்கு இந்தியாவையே எதிர்பார்த்து நிற்கின்றோம். சின்ன வெங்காயத்துக்கு யாழ்ப்பாணமும் கற்பிட்டியும் உண்டு. ஆயினும் அதன் விலையையும் இறக்குமதி அசைக்கின்றது.

இந்த நிலையின் ஆபத்து 2023 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 8 ஆம் நாள் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. தன் மக்களின் சந்தை விலையைக் காக்க அவ்வரசு அதைச் செய்தது; அதன் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், அங்கே எழுதப்பட்ட ஒரு வரி இங்கே கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவின் விலையை மாற்றிற்று. அங்கிருந்து அட்டன் கடைவீதியின் விலையும் மாறிற்று. 2024 ஏப்பிரலில் இலங்கைக்கென 10,000 தொன் அனுப்ப விசேட அனுமதி கிடைத்ததும், மே 4 இல் தடை நீங்கியதும், 2025 ஏப்பிரல் முதலாம் நாள் ஏற்றுமதித் தீர்வை முற்றாக அகன்றதும் அண்டை நாட்டின் தயவால் நிகழ்ந்தவை. ஒரு நாடு தன் அடுக்களையின் திறவுகோலை அயல்வீட்டு ஆணியில் மாட்டிவைத்திருப்பது அறிவுடைமையாகுமா?

யாழ்ப்பாணம் கற்ற பாடம்

உள்நாட்டு உழவனால் இத்தேவையை நிறைவு செய்ய இயலாது என்போருக்கு வரலாறே விடை கூறும். 1970 முதல் 1977 வரை திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. கோப்பாய், உரும்பிராய், கோண்டாவில், அச்சுவேலிச் செம்மண் தரைகளில் கிணற்று நீரை இறைத்து உழவர் வெங்காயம் விளைவித்தனர். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் மண்வெட்டி எடுத்தனர். உத்தியோகம் தேடி அலைந்த தலைமுறையில் ஒரு பகுதி, உழவும் ஓர் உத்தியோகமே என்று கண்டது அக்காலத்திலேதான்.

1977 இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிக் கதவுகள் விரியத் திறந்தன. நட்ட வெங்காயம் பாத்தியில் இருக்க, இறக்கிய வெங்காயம் சந்தையில் குவிந்தது. உழவனைக் கேட்டு எவரும் கதவை அடைக்கவில்லை. அவனுக்குச் சொல்லி எவரும் அதைத் திறக்கவுமில்லை. அடைத்த ஆண்டுகளில் நகர்ப்புற ஏழை பட்ட துன்பத்தையும் நாம் மறக்கவில்லை. முற்றாக அடைத்தலும் முன்னறிவிப்பின்றித் திறத்தலும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். அக்குற்றத்தின் பெயர் திட்டமின்மை.

அக்குற்றம் ஒழிந்துவிட்டதா? 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்றவற்றின் இறக்குமதி வரியை வர்த்தமானி அறிவித்தலொன்றால் கூட்டவும் குறைக்கவும் அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. அதன்பின் நள்ளிரவு வர்த்தமானி நம் உழவனுக்குப் பழகிப்போன சொல்லாயிற்று. அறுவடைக்கு முந்திய கிழமையில் வரி குறைந்தால் உழவன் அழுகின்றான்; அறுவடை முடிந்து சரக்கு வணிகன் கிடங்குக்குப் போனபின் வரி கூடினால் வணிகன் சிரிக்கின்றான்.

பட்டிப்பொலவின் பயிர்

நான்கில் மூன்றைப் பார்த்தோம். நான்காவது, லீக்ஸ். வேல்ஸ் நாட்டவர் தங்கள் தேசியச் சின்னமாகப் போற்றும் இப்பயிர் ஆங்கிலேயரோடு நம் மலைக்கு வந்தது. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்றோர் இங்கிலாந்தின் மரக்கறிகளை இக்குளிரில் விளைவிக்க முனைந்தனர். நான்கு பிள்ளைகளுள் கப்பலை எதிர்பாராமல் இந்நாடு தானே விளைத்துத் தானே உண்ணும் பிள்ளை இந்த வந்தேறிப் பிள்ளையே என்பது வியப்புக்குரியது. வந்தேறி என்று பிறர் இகழும் மக்களின் உழைப்பும் அதில் அடங்கியுள்ளது என்பது அதனினும் சிந்தனைக்குரியது.

அப்பயிரின் இயல்பைக் காணப் பட்டிப்பொலவினும் ஏற்ற இடம் அரிது. நானுஓயாவைக் கடந்து அப்புத்தளை நோக்கி 1893 இல் நீண்ட இருப்புப்பாதையில், கடல் மட்டத்துக்கு 6,200 அடிக்கு மேல் நிற்கும் இந்நாட்டின் மிகவுயர்ந்த புகையிரத நிலையம் அது. ஒருபுறம் அம்பேவெலப் பால்பண்ணை. மறுபுறம் ஹோர்ட்டன் சமவெளிக் காடு. இடையே லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகள். தை, மாசியில் புல்நுனியில் உறைபனி படியும். மற்றச் செடிகள் கருகும் அக்குளிரை லீக்ஸ் தாங்கி நிற்கும்.

நிற்பது செடியின் திறமை. அதை நிறுத்துவது மனிதனின் முதுகெலும்பு. லீக்ஸ் வெங்காயம்போல் கிழங்கு வைப்பதில்லை. இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்று இறுகித் தண்டுபோல் நிற்கும். அத்தண்டு வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கவேண்டுமாயின் வெயில் படாதவாறு அடுத்தடுத்து மண் அணைக்க வேண்டும். நாற்று மேடையில் தொடங்கி மாதக்கணக்கிற் களை பிடுங்கி, மண் அணைத்து, ஊதாப்புள்ளி நோய்க்கு மருந்தடித்து, பிடுங்கிக் கழுவிக் கட்டும் வரை குனிந்த முதுகு நிமிர்வதில்லை. அம்முதுகுகளுட் பல தோட்டத்து லயங்களிலிருந்து வருபவை. காலையில் கொழுந்து, மாலையில் மரக்கறித் தோட்டத்துக் கூலி என்று இரு வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து உழவன் விலை வீழ்ந்தால் வெங்காயத்தைக் காயவைத்துக் கட்டித் தொங்கவிட்டுச் சில கிழமைகள் பொறுத்திருக்கலாம். அடுத்த போகத்துக்கான விதை வெங்காயத்தையும் அவ்வாறே காக்கின்றான். லீக்ஸ் பயிரிட்டவனுக்கு அந்த வசதி இல்லை. பிடுங்கிய சில நாளில் இலை வாடி மஞ்சளிக்கும். ஆகையால், லொறி வரும் நேரத்துக்கு லொறிக்காரன் சொன்ன விலையே விலை. நுவரெலியா, கெப்பெட்டிப்பொல, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையங்களில் பேசப்படும் விலைக்கும் பாத்தி விளிம்பில் தரப்படும் விலைக்கும் இடையிலுள்ள தூரம் மைல்களால் அளக்கக் கூடியதன்று.

அதன்மேல் 2021 இன் கொடுமை வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவித்தலால் தடைப்பட்டது. நவம்பரில் அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட அரையாண்டில் பசளையின்றிச் சிறுத்த பயிருக்கும் உடைந்த முதலுக்கும் பொறுப்பேற்றவர் எவர்? இயற்கைப் பசளை நல்லதே. ஆனால் எருவைச் சேர்க்கக் காலம் கொடாமல் உப்புப் பசளையைப் பறிப்பவன் உழவனின் நண்பனாகான்.

ஏழு பேர்ச்சஸ் கணக்கு

இத்துணையும் எழுதியது ஒரு கேள்வியை எழுப்புவதற்காகவே. கப்பலை நம்பாது நாட்டுக்கு உணவளிக்கும் இப்பயிரை விளைவிக்கும் கைகளுக்கு அந்த மண்ணில் என்ன உரிமை?

1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முடிக்குரிய காணிகள் கிராமத்து உழவருக்குப் பகிரப்பட்டபோது, தோட்டத்து மக்களுக்கு அப்பந்தியில் இலை போடப்படவில்லை. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின, உழைத்தவன் உடைமையாளனாகவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிர முனைந்தபோது அதை எதிர்த்து நின்ற சிவனு இலட்சுமணன் 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். 1992 இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 2003 இன் சட்டத்தால் குடியுரிமைக் குறை தீர்ந்தது. காணிக் குறை தீரவில்லை. 1823 முதல் எண்ணி 200 ஆண்டுகளை 2023 இல் நினைவுகூர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் அந்நாளிலும் காணி உறுதி இல்லாதவரே.

ஏழு பேர்ச்சஸ் தருகின்றோமே என்பர். கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு போக, வழியும் கழிவறையும் மதிலும் போக எஞ்சுவது கறிவேப்பிலைக்கும் நாலு பிடி வெங்காயத்துக்கும் போதும். லயத்திலிருந்து விடுபட்டு வீடு பெறுவது மாபெரும் முன்னேற்றமே. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வீடு வேறு, விளைநிலம் வேறு. இல்லத்துக்கு உரியவனாக்கினோம் என்று சொல்லி அவனை என்றென்றும் கூலியாகவே வைத்திருப்பது அரைகுறை நீதி.

லயத்துக்குப் பின்னே ஓடையோரத்தில் ஒரு துண்டில் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் குடும்பங்களை மலையகமெங்கும் காணலாம். துரை மனம்வைத்தால் அத்துண்டு உண்டு. மனம் மாறினால் இல்லை. காணிக்கு உரிமை காட்ட இயலாதவனுக்கு வங்கிக் கடன் எட்டாது. பயிர் அழிந்தால் நட்டஈடு கேட்க வாயில்லை. தன் வியர்வையில் விளைந்த பாத்தியில் அவன் விருந்தாளி.

தடை சொல்வோருக்கு

செங்குத்தான மலையில் மரக்கறி பயிரிட்டால் மண் கரையும் என்பர் சிலர். உண்மைதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைகளைச் சரித்தபோது மண்ணின் கோபத்தை நாடே கண்டது. ஆனால், மண்ணைக் காப்பவன் யார்? நாளை இருப்போமா என்று அறியாதவன் கல்லணை கட்டுவானா? சரிவுக்குக் குறுக்கே வரம்பு வைத்துப் புல் நடுவானா? உறுதி பெற்றவனே தன் பேரனுக்காக மண்ணைக் காப்பான். சரியும் சரிவுகளை ஒதுக்கி, பயிருக்கு ஏற்ற தரையை அளந்து கொடுப்பது நில அளவையாளர் அறியாத வித்தையன்று.

தேயிலைக்கு நிலம் குறையும் என்பர் வேறு சிலர். தேயிலை நிற்கும் நிலத்தை நாம் கேட்கவில்லை. தேயிலை பட்டுப்போய்ப் பற்றை மண்டிக் கிடக்கும் நிலத்தைக் கேட்கின்றோம். பற்றைக்காட்டில் எந்த ஏற்றுமதி விளைகின்றது?

மலையில் பூண்டு விளையாது என்பாரும் உளர். தமிழகத்துக் கொடைக்கானல் மலைப்பூண்டு இன்று புவிசார் குறியீடு பெற்ற பண்டம். குளிர் கண்டே பல் பிரியும் பயிர் அது. நம் மலையிலும் குளிருக்குப் பஞ்சமில்லை. நமக்கேற்ற இனத்தைத் தேர்ந்து விதைப்பூண்டு பெருக்குவதைச் சீதாஎலிய ஆராய்ச்சி நிலையம் தலையாய பணியாகக் கொள்ளட்டும். சீனப் பூண்டை ஒரே நாளில் துரத்திவிட முடியாது. பத்தில் ஒரு பங்கையேனும் நம் மண்ணில் விளைத்தால் அப்பணம் நம் லயத்து அடுப்புக்கு வரும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டுக் காணியோடு நில்லாது, பயிரிடத்தக்க தரிசுத் தோட்டக் காணியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதியோடு வழங்க வேண்டும். இரண்டாவது, வெங்காயக் குடும்பப் பண்டங்களின் இறக்குமதி வரியை நடுகைக் காலத்துக்கு முன்னரே ஆண்டு முழுவதற்குமாக அறிவித்து, அவ்வறிவித்தலை மீறாதிருக்க வேண்டும். மூன்றாவது, லீக்ஸ் போன்று வாடும் மரக்கறிகளுக்குப் பட்டிப்பொல போன்ற இடங்களிலேயே உழவர் கூட்டுறவின் கையில் குளிர்க் கிடங்கு வேண்டும். நேற்றுப் பிடுங்கியதை நாளை விற்க இயலுமாயின் பேரம் பேசும் வலிமை பாத்திக்காரனுக்கு வந்துவிடும்.

இவற்றை அரசு தானாக முன்வந்து செய்யும் என்று கை கட்டியிருத்தல் பேதைமை. தமிழ்ச் சட்டத்தரணிகள் காணி ஆவணங்களை ஆராய்ந்து வழிகாட்டலாம். நில அளவையாளர் ஓய்வு நாளொன்றைத் தோட்டத்துக்கு ஈயலாம். விவசாயப் போதனாசிரியர் லயத்துப் பாத்தியையும் தம் கடமைக்குள் சேர்க்கலாம். வலிகாமத்து வெங்காய உழவனும் பட்டிப்பொல லீக்ஸ் உழவனும் ஒரே சங்கத்தில் அமர்ந்து ஒரே மனுவில் ஒப்பமிட ஏன் தயங்க வேண்டும்? ஒருவனை இறக்குமதி நெரிக்கின்றது. மற்றவனை நிலமின்மை நெரிக்கின்றது. பக்கத்துப் பாத்தியில் அதே துன்பம் சுமக்கும் சிங்கள உழவனும் இவர்களுக்கு அந்நியனல்லன்.

வெங்காயத்தை உரித்தால் கண்ணீர் வரும். மேடை வாக்குறுதிகளை உரித்துப் பார்த்தும் மலையக மக்கள் போதிய கண்ணீர் சிந்திவிட்டனர். இனி அவர்களுக்கு வேண்டுவது மற்றுமொரு வாக்குறுதியன்று. முத்திரையும் ஒப்பமும் உள்ள ஒரு காணி உறுதி. அதைக் கையிற் கொடுத்துப் பாருங்கள். மண்ணை அணைக்கத் தெரிந்த மக்களை அந்த மண் கைவிடாது.